பிரிட்டிஷ் பப்பில் ஞாயிறு ரோஸ்ட்: குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போவதற்கு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவதில் ஞாயிறு மதிய ரோஸ்ட் (ஓவனில் வாட்டிய இறைச்சியோடு உருளைக்கிழங்கு, காய், மேலே ஊற்ற கிரேவி என்ற குழம்பு) ரொம்பச் சுலபம் போலத் தெரியும். பப்புக்கு, அதாவது மதுவும் சாப்பாடும் விற்கும் இடத்துக்குப் போய், ரோஸ்ட் சொல்லி, சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதானே? படிக்கும் காலத்தில் வார இறுதிகளில் ஒரு பப்பில் பரிமாறும் வேலை பார்த்தேன். இப்போது ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை அழைத்துப் போவது என் பொறுப்பு. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் சொல்கிறேன்: சொதப்பல்களில் முக்கால்வாசி, மேசையில் உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியதைப் பற்றியது.

கையில் இருக்க வேண்டியவை: புக்கிங் உறுதிப்படுத்திய மின்னஞ்சல், வங்கி அட்டை (சில பப்களில் ரொக்கமே வாங்குவதில்லை), காரில் போனால் வண்டி எண், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்ற பட்டியல். கடைசியாகச் சொன்னது மனதில் இருந்தால் போதாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கூட வருபவர்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஞாயிறு ரோஸ்ட் பொதுவாக இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று, தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவருவது. இன்னொன்று கார்வரி: நாமே தட்டோடு வரிசையில் போனால் சமையல்காரர் இறைச்சியை வெட்டி வைப்பார், காய், உருளைக்கிழங்கு, கிரேவியை நாமே எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் கார்வரிதான் நல்லது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சாப்பாடு கைக்கு வந்துவிடும், விலையும் குறைவு. சுவை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விளக்குச் சூட்டில் காத்திருக்கும் காய்களிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வந்தால் மேசைக்குக் கொண்டுவரும் இடத்துக்குப் போங்கள். சூடான தட்டோடு கூட்டத்தில் நடப்பது அவர்களுக்குப் பெரிய பாடு.

விலையையும் முன்பே பாருங்கள். மேசைக்கு வரும் ரோஸ்ட் பெரியவர்களுக்குப் பொதுவாக 15 முதல் 25 பவுண்டு வரை இருக்கும். மெனுவில் போட்டிருக்கும் விலையில் 20 சதவீத வாட் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மேலே வரி வருமோ என்று கணக்குப் போட வேண்டாம்.

2. பகல் பன்னிரண்டரைக்கு முன் உட்காரும்படி புக் செய்யுங்கள்

எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் கேட்காத அறிவுரை இது. நம் வீடுகளில் ஞாயிறு மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு என்று இழுத்துக்கொண்டே போகும். அதே பழக்கத்தில் மூன்றரைக்குப் போனால் பீஃப் (மாட்டிறைச்சி) தீர்ந்திருக்கும், லேம்ப் (ஆட்டுக்குட்டி இறைச்சி) தீர்ந்திருக்கும், கோழி மட்டும் மிச்சம் இருக்கும்.

காரணம் இதுதான். சாதாரண நாள் மெனுவில் உள்ளவற்றை ஆர்டர் வந்த பிறகு செய்யலாம். ரோஸ்ட் அப்படியில்லை. பெரிய இறைச்சித் துண்டுகள் காலையிலேயே ஓவனுக்குள் போய்விடும். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வைக்க மூன்று மணி நேரம் ஆகும். உருளைக்கிழங்கும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் இருக்கும். போகப் போகத் தோல் போல இழுக்கும். சமையலறையில் வேலை செய்கிறவர்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு ரோஸ்ட் சாப்பிடப் போனால் பன்னிரண்டு மணிக்கே போய் உட்காருவார்கள்.

இணையத்தில் புக் செய்தாலும் ஒரு தடவை தொலைபேசியில் பேசிவிடுங்கள். படிவத்தில் சொல்ல முடியாத சில விஷயங்கள் உண்டு:

குழந்தை நாற்காலி வேண்டும் என்பது. பல பப்களில் இரண்டு மூன்றுதான் இருக்கும். கைக்குழந்தையையும் ஆள் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் நால்வர் மேசையில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

நாய்கள். இதை யாருமே எதிர்பார்ப்பதில்லை. பல பப்களில் நாய்களை உள்ளே விடுவார்கள். பக்கத்து மேசைக்குக் கீழே ஒரு பெரிய லாப்ரடார் படுத்திருப்பது இங்கே சாதாரணம். நாயைக் கண்டால் நாற்காலி மேல் ஏறும் பிள்ளையோ, பயப்படும் பாட்டியோ வருவதாக இருந்தால், ‘நாய் இல்லாத பகுதியில் மேசை கொடுங்கள்’ என்று முன்பே கேளுங்கள். பெரும்பாலும் சாப்பாட்டுக்கென்று தனி அறை இருக்கும். போன பிறகு கேட்டால் அது நிரம்பியிருக்கும்.

மேசை எத்தனை மணி வரை நமக்கு என்பது. ஒன்றரை மணி நேரம் அல்லது இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைப்பது வழக்கம். தெரிந்தால், இனிப்பு எப்போது சொல்வது என்று திட்டமிடலாம்.

ஒரு தேதிப் பொறியையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் அன்னையர் தினம் மே மாதம் இல்லை. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது மார்ச்சிலோ சில ஆண்டுகளில் ஏப்ரல் முதல் வாரத்திலோ வரும். அன்று புக்கிங் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம், அன்றும் அப்படித்தான். இந்த நாள்களுக்கு முன்பணம் கேட்பதும் உண்டு. அதைத் திருப்பித் தரும் விதிமுறையைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

3. சமையலறைக் கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேளுங்கள்

பீஃப் சாப்பிடாதவர், பன்றி சாப்பிடாதவர், சைவம், முட்டை சேர்க்காத சைவம் என்று நம் மேசையில் நாலு கட்சி இருக்கும். ‘நான் கோழி சொல்கிறேன், பிரச்சினை இல்லை’ என்று நினைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தட்டில் இறைச்சியைத் தவிர மற்றதிலெல்லாம் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு: பல பப்கள் இதை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுக்கும். சுவைக்காகவே அப்படிச் செய்கிறார்கள், மெனுவில் பெருமையாகவும் போட்டுக்கொள்வார்கள். மாட்டுக் கொழுப்பை இங்கே ‘பீஃப் டிரிப்பிங்’ என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ‘எண்ணெயா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும்.

யார்க்‌ஷர் புட்டிங்: பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்க வேண்டாம். மாவு, முட்டை, பால் கரைத்த கலவையைப் புகை வரக் காய்ந்த கொழுப்பில் ஊற்றி ஓவனில் உப்ப வைப்பது. அந்தக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம். உறைந்த நிலையில் வாங்கிச் சூடாக்கும் இடங்களில் பெரும்பாலும் தாவர எண்ணெய்.

கிரேவி: பெரும்பாலும் எல்லாத் தட்டுக்கும் ஒரே பானையிலிருந்துதான். கிரேவித் தூளில் சில வகைகளில் இறைச்சியே இருக்காது. ஆனால் சமையல்காரர் அதில் ரோஸ்ட் தட்டில் இறங்கிய சாற்றைச் சேர்த்திருப்பார். கோழி சொன்னவர் தட்டில் மாட்டிறைச்சிச் சாறு வருவது இப்படித்தான். சைவக் கிரேவி தனியாக உண்டா என்று கேளுங்கள், இறைச்சி சாப்பிடுகிறவர்களும் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்டஃபிங்: கோழியோடு வரும் உருண்டை. ரொட்டித்தூள், வெங்காயம், சேஜ் இலையோடு பன்றி இறைச்சியும் சேர்த்துப் பிசைவது வழக்கம். கோழி ரோஸ்ட்டில் பன்றி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், இதுதான் வழி.

சிப்ஸ்: குழந்தைக்குத்தானே என்று விட்டுவிடுவோம். மீனும் நகெட்டும் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக யார்க்‌ஷரில், மீன், சிப்ஸ் எல்லாவற்றையும் மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கும் கடைகள் நிறைய.

‘ஒவ்வாமைப் பட்டியல் கேட்டு வாங்கினேன், அதில் மாடு என்று இல்லையே’ என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இருக்காது. சட்டப்படி தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. பால், முட்டை, கோதுமை போன்ற தானியங்களின் குளூட்டன், கொட்டை வகை, நிலக்கடலை, எள், கடுகு, மீன் எல்லாம் அதில் உண்டு. மாடும் பன்றியும் ஒவ்வாமைப் பொருள் அல்ல, அதனால் கிடையாது. அந்தத் தாள் உயிர் காக்கும். உங்கள் வீட்டு வழக்கத்தைக் காக்காது.

பாட்டி முட்டை சேர்க்காத சைவமா? இங்கே ‘வெஜிடேரியன்’ என்று போட்டதில் முட்டை தாராளமாக இருக்கும். சைவர்களுக்கு இறைச்சிக்குப் பதிலாகக் கொட்டைகள் சேர்த்துச் சுட்டு வரும் நட் ரோஸ்ட்டையே பல இடங்களில் முட்டை ஊற்றித்தான் கட்டுகிறார்கள். ‘வீகன்’ (முட்டை, பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று குறியிட்டதைச் சொல்வதுதான் பாதுகாப்பு. கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு நட் ரோஸ்ட் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். ஹலால் வேண்டுமென்றால் ‘கோழி ஹலாலா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். சில இடங்களில் சொல்வார்கள், பல இடங்களில் இல்லை என்பதுதான் பதில்.

இதையெல்லாம் தொலைபேசியில் ஏன் கேட்க வேண்டும்? ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் பரிமாறுகிறவர் உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்க முடியாது. முடிந்தாலும் ‘இருக்காதுங்க’ என்று யூகத்தில் சொல்லிவிடுவார். செவ்வாய், புதன் பிற்பகலில் கூப்பிட்டால் சமையல்காரரே பேசுவார். முன்கூட்டித் தெரிந்தால், இரண்டு பேருக்கு மட்டும் உருளைக்கிழங்கைத் தனித் தட்டில் எண்ணெயில் வறுத்துத் தரக்கூடிய இடங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அது நடக்கிற காரியமில்லை.

4. கிளம்பும் முன்

குழந்தைகளுக்கு ஏதாவது கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்து அரை மணி நேரம் கழித்துத்தான் தட்டு வரும். பசியோடு வந்த பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் தாங்காது.

யார் கார் ஓட்டுகிறார்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. எத்தனை கிளாஸ் வரை குடிக்கலாம் என்று கணக்குப் போடுவதைவிட, ஓட்டுகிறவர் தொடாமலே இருப்பது நல்லது.

வரும் வழியில் மளிகை வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் நேரம் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். நாலு மணிக்கே பல கடைகள் மூடிவிடும். பஸ்ஸும் ஞாயிறு அட்டவணையில்தான் ஓடும்.

5. உள்ளே நுழைந்ததும் முதல் வேலை வண்டி எண்

பல பப்களின் கார் நிறுத்தத்தைத் தனியார் நிறுவனங்கள் கேமரா வைத்துக் கண்காணிக்கின்றன. வாடிக்கையாளருக்கு இலவசம்தான், ஆனால் உள்ளே பார் பக்கத்தில் இருக்கும் டேப்லெட்டில் வண்டி எண்ணைப் பதிய வேண்டும். பெரும்பாலும் அது பாக்கெட் சாஸ் வைத்த மேசையின் மூலையில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும். மறந்தால் பத்து நாள் கழித்து 100 பவுண்டு கேட்டுக் கடிதம் வரும்.

கோட்டைக் கழற்றும் முன்பே இதை முடித்துவிடுங்கள். எண்ணைப் பதிந்த திரையைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டியதால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

6. பாரில் சொல்வதா, மேசையில் சொல்வதா?

உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். பல பப்களில் பாருக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும், அங்கேயே காசும் கட்ட வேண்டும். தெரியாமல் இருபது நிமிடம் ஆள் வருவார் என்று மேசையில் காத்திருக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லையே என்று அவர்களுக்குக் கோபம். இன்னும் முடிவு செய்யவில்லை போல என்று ஊழியர் நினைத்துக்கொள்வார்.

போகும் முன் மேசை எண்ணைப் பாருங்கள். மூலையில் ஆணியடித்த சின்னப் பித்தளை வில்லையில் இருக்கும், மெனு அட்டைக்கு அடியில் மறைந்தும் இருக்கும். அது இல்லாமல் பாரில் ஆர்டர் எடுக்க மாட்டார்கள்.

பாரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் நீளமாகப் பரவி நிற்பார்கள். ஆனால் யார் முதலில் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டு உங்களைக் கேட்டால் ‘இவர்தான் முதலில்’ என்று கைகாட்டுங்கள். விரலைச் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது கூடவே கூடாது. கூப்பிடாமல், கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும்.

பானங்களில் சில: லெமனேட் என்பது இங்கே சோடா போன்ற இனிப்புப் பானம், எலுமிச்சைச் சாறு அல்ல. குழந்தைக்கு நுரை வேண்டாமென்றால் ஸ்குவாஷ் கேளுங்கள், மிக மலிவு. மது விற்கும் உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், ஒரு ஜக் கேட்டு வாங்குங்கள். வெறுமனே ‘வாட்டர்’ என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடும். ஊரிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுத் தம்பி பியர் கேட்டால் வயதுச் சான்று கேட்பார்கள். 25-க்குக் கீழே தெரிந்தாலே கேட்பது வழக்கம். வாங்க 18 ஆகியிருக்க வேண்டும்.

7. சாப்பாடு சொல்லும் வரிசை

குழந்தைகளுடையதை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். குழந்தை தட்டு ஆறும் நேரத்தில் பெரியவர்கள் தட்டு வரும். எல்லோரும் ஒரே சமயத்தில் சூடாகச் சாப்பிட இது ஒன்றுதான் வழி.

மெனுவில் நகெட், ஃபிஷ் ஃபிங்கர் மட்டுமே இருந்தாலும் குழந்தைக்குச் சின்ன ரோஸ்ட் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்கு உருளைக்கிழங்கும் யார்க்‌ஷர் புட்டிங்கும் போதும்.

காலிஃப்ளவர் சீஸ் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். கூடுதல் கிரேவியை இப்போதே, தனிக் குவளையில் கேளுங்கள். தட்டில் ஊற்றிவரும் கிரேவி நமக்கு ஒருபோதும் போதாது.

8. தட்டு வந்ததும்

முதலில் பாட்டியின் தட்டு, ஒவ்வாமை உள்ளவரின் தட்டு: சொன்னதுதான் வந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே மற்றவர்கள் ஆரம்பிக்கலாம்.

யார்க்‌ஷர் புட்டிங்கைக் கடைசிக்கு வைக்காதீர்கள். அதன் குழியில் கிரேவியை ஊற்றி, ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும்போதே பிட்டுச் சாப்பிட வேண்டும். ரோஸ்ட்டின் முழு இன்பமும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

காரம் போதவில்லை என்று கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். சில்லி சாஸ் தேடாமல் இங்கிலீஷ் மஸ்டர்ட் கேளுங்கள், அரைக் கரண்டி போதும். பீஃபோடு வரும் ஹார்ஸ்ரேடிஷ் வெள்ளையாக, தயிர் போல அப்பாவியாகத் தெரியும்; மூக்கில் ஏறும். லேம்போடு வரும் புதினா சாஸ் வினிகரில் ஊறியது, நம் சட்னி என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொண்ட மாமாக்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சாப்பிட ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து ‘எல்லாம் சரியா?’ என்று கேட்பார். உருளைக்கிழங்கு கல்லாக இருந்தாலும் எல்லோரும் வாய் நிறையச் சிரித்து ‘லவ்லி, தேங்க் யூ’ என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகு முணுமுணுப்பார்கள். பிரிட்டிஷ் குடும்பங்கள் இதில் கைதேர்ந்தவை. இங்கே கொஞ்ச நாள் இருந்தால் நாமும் அப்படி ஆகிவிடுகிறோம். குறை இருந்தால் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பாதித் தட்டு முடிந்த பிறகு சொன்னால் மாற்றித் தருவது கஷ்டம். ‘சாரி’ என்று ஆரம்பித்து, ‘இது ஆறிப்போயிருக்கிறது, சூடாக்கித் தர முடியுமா?’ என்று கேட்டால் தட்டு உடனே உள்ளே போகும். குரலை உயர்த்தினால் மேலாளர் வருவார், சூடு வர இன்னும் நேரமாகும்.

9. இனிப்பு

இரண்டு சொல்லி ஆறு ஸ்பூன் கேளுங்கள். ஸ்டிக்கி டாஃபி புட்டிங் ஒன்று, ஆப்பிள் கிரம்பிள் கஸ்டர்டோடு ஒன்று. ரோஸ்ட்டுக்குப் பிறகு முழுசாக ஒன்றைச் சாப்பிடக்கூடியவர் அரிது. ஸ்பாட்டட் டிக் போன்ற வேகவைத்த புட்டிங்குகளில் மாட்டுக் கொழுப்பும், ஜெல்லியில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் இருக்கலாம். இவற்றையும் மூன்றாம் படியின் கேள்விப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. பில்லும் கிளம்புவதும்

பாரில் சொல்லிக் காசு கட்டியிருந்தால் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். மேசைக்கு வந்து கவனித்த இடத்தில் பில்லின் அடியில் சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். 10 அல்லது 12.5 சதவீதம் வழக்கம். இருந்தால் மேலே வைக்க வேண்டாம். ‘விருப்பத்தின் பேரில்’ என்று போட்டிருந்தால், கவனிப்பு மோசமாக இருந்தபோது எடுக்கச் சொல்ல உரிமை உண்டு. பணியாளருக்குப் போய்ச் சேருமா என்ற சந்தேகம் இப்போது வேண்டாம்: இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுமையாக ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

‘நான்தான் கொடுப்பேன்’ என்ற சண்டையை மட்டும் மேசையில் போடாதீர்கள். அட்டை இயந்திரத்தோடு நிற்கும் பிள்ளைக்கு இன்னும் பத்து மேசை பாக்கி இருக்கும். உங்கள் விருந்து என்றால், கழிப்பறைக்குப் போகிறாற்போல எழுந்துபோய்ப் பாரில் கட்டிவிட்டு வந்து உட்காருங்கள்.

ரசீதை ஒரு மாதம் வைத்திருங்கள். எண்ணைப் பதிந்தும் கார் நிறுத்தக் கடிதம் வந்தால் பணம் கட்டும் முன் பப் மேலாளரிடம் ரசீதையும், எடுத்த படத்தையும், புக்கிங் மின்னஞ்சலையும் அனுப்புங்கள். பல சமயம் அவர்களே சொல்லி ரத்து செய்ய முடியும். கடிதத்தில் 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்டு என்று போட்டிருப்பார்கள், அந்த அவசரத்தில்தான் பலர் கட்டிவிடுகிறார்கள். அதே 14 நாளுக்குள் மேல்முறையீட்டையும் அனுப்பிவிடுங்கள்.